கத்திரிப்பூக் கலர்

சாதுல்லாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். நீலத்துக்கும் கத்திரிப்பூக் கலருக்கும் அவன் கண்ணில் வித்தியாசம் கிடையாது. கள்ளக்குறிச்சியில் இது யாருக்கும் தெரியாது. துருகம் ரோட்டில் அவனோடு சேர்ந்து ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்த தம்பி முகம்மது கவுஸுக்கே தெரியாது. பெண்டாட்டி ஷர்புன்னிசாவுக்கு மட்டும் தெரியும். தெரியும் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அவனும் சொன்னதில்லை.

கல்யாணமான வருஷம் ரம்ஜானுக்கு அவள் சிவப்புப் புடவை கேட்டிருந்தாள். அவன் பாசிப்பச்சையில் ஒன்றை வாங்கிவந்து, நீ கேட்ட செவப்பு என்று மடியில் போட்டான். விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். விளையாடுகிறவனின் முகமாக அது இல்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லி, குடித்துக்கொண்டிருந்த சேமியாவைத் தள்ளிவைத்துவிட்டு அவன் எழுந்து போனான். பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லாததால்தான் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். ஷர்புன்னிசா மறுத்ததில்லை. அதுவும் இருந்தது. ஆனால் அவன் அவளைப் பார்க்கிற பார்வையில், தான் வழுக்கி விழுந்ததைப் பார்த்துவிட்ட ஆளைப் பார்க்கிற ஒரு கூச்சமும் கோபமும் இருந்தன. அது அவளுக்கு மட்டும் புரிந்தது.

லாரிக்கும் டிராக்டருக்கும் ஒயரிங் செய்துகொண்டிருந்தவரை அந்தக் குறை அவனை ஒன்றும் செய்யவில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டரில் எந்தக் கலர் ஒயர் ஓடினால் யாருக்கு என்ன. விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு சின்ன பல்பையும் பேட்டரியையும் வைத்துக்கொண்டு எந்த ஒயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பழைய கார்க்காரர்கள் வந்த பிறகுதான் தலைவலி பிடித்தது. பெங்களூரிலும் கோயமுத்தூரிலும் ஐம்பது வருஷத்துக் கார்களை வாங்கி, கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கி ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இப்போதைய பிளாஸ்டிக் ஒயர் ஆகாது. நூல் பின்னிய ஒயர் வேண்டும். பச்சையில் சிவப்புக் கோடு ஓடினால் புதியதிலும் அப்படியே ஓட வேண்டும். கண்காட்சியில் காரை நிறுத்தினால் பானட்டைத் தூக்கிப் பார்த்து அதற்கெல்லாம் மார்க் போடுவார்களாம்.

கவுஸ் எங்கோ போய்ப் பாவாடை நாடா பின்னுகிற பழைய மெஷின் ஒன்றை வாங்கி வந்தான். அதை ஷர்புன்னிசா ஒயருக்கு நூல் பின்னுகிற மாதிரி பழக்கிக்கொண்டாள். நூல்கண்டுகளை மாட்டுகிறவள் அவள். எந்தக் கலர், எத்தனை கண்டு, கோடு எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் அவள் கையில். பின்னி, வார்னிஷ் பூசி, கொடியில் காயப்போடுவாள். கூடத்தில் சுவரோடு சுவராக ஆணிப்பலகை கிடந்தது. காரின் நீளத்துக்கு ஒயர் எங்கே வளைய வேண்டும், எங்கே பிரிய வேண்டும் என்று கோடு போட்டு ஆணி அடித்த பலகை. ஒரு பக்கம் அவன் உட்காருவான், எதிரில் அவள். 'வெள்ளை' என்பான், கொடுப்பாள். 'பச்சையில செவப்பு' என்பான், கொடுப்பாள். எந்த வேலைக்கு எந்தக் கலர் என்பதை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். கையில் வந்ததைப் பார்க்கமாட்டான். ஆணிக்கு ஆணி இழுத்து மெழுகு நூலால் கட்டிக்கொண்டே போவான். பல நாட்களில் அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொண்ட பேச்சு கலர் பெயர்கள் மட்டும்தான். அவள் ஒரு தடவைகூட மாற்றிக் கொடுத்ததில்லை. அவனைப் பிடிக்காது. வேலை பிடிக்கும். அந்தப் பலகைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் மட்டும்தான் தான் அந்த வீட்டில் எதற்கு இருக்கிறோம் என்ற கேள்வி அவளுக்கு வருவதில்லை.

ஐப்பசி மழையில் இரண்டு பேரும் கல்வராயன் மலைக்குப் போனார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறியதும் பஸ் கண்ணாடியில் மூட்டம் அப்பிக்கொண்டது. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பழைய மோரிஸ் கார் நின்றது. மலையில் கடுக்காயும் புளியும் ஏலம் எடுத்த யாரோ ஒரு கான்ட்ராக்டர் விட்டுப்போனது. அதைக் கண்ணாயிரம் என்பவர் வாங்கியிருந்தார். மதுரைக்காரர், கோயமுத்தூரில் மில் வைத்திருக்கிறவர். உள்ளே இருக்கிற பழைய ஒயர்க் கட்டைக் கழற்றிக்கொண்டு போய், அதைப் பார்த்து அச்சாகப் புதிதாகக் கட்டித் தர வேண்டும் என்று கடைக்குப் போன் செய்து சொல்லியிருந்தார்.

கொட்டகைக்குக் காவல் மாயவன், மலைக்காரன். கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் திறந்துவிட்டான். காருக்குள்ளிருந்து இரண்டு கோழிகள் இறங்கி ஓடின.

"பொம்பளய எதுக்கு பாய் இட்டாந்த, இந்த மழையில?" என்றான் மாயவன்.

"டேஷ்போர்டுக்குப் பின்னால என் கை போவாது. அவ கை சின்னது."

"புள்ளைங்கள யாரு பாத்துக்கறாங்க?"

சாதுல்லா பீடியைப் பற்றவைத்தான். "இருந்தாத்தான பாக்கறதுக்கு. காய்க்காத மரத்த எங்க நட்டா இன்னா. வூட்டுல நின்னுக்கினு இருந்துது, இன்னிக்கு மலையில வந்து நிக்குது."

மாயவன் பாதி சிரித்துவிட்டு, ஏன் சிரித்தோம் என்பதுபோல மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். ஷர்புன்னிசா காருக்குள் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டிருந்தாள். முடியில் கோழி எச்சம் ஒட்டியது. முகத்துக்கு நேரே ஒயர்க் கட்டு தொங்கியது. சாதுல்லா சொன்னது ஒவ்வொரு எழுத்தாக அவள் காதில் இறங்கியது. மற்றவர்கள் முன்னால் அவன் இப்படிச் சொல்வது புதிதல்ல. ஆனால் அவள் இல்லாமல் அவன் இந்த மலை ஏறியிருக்க முடியாது. அதை மறைக்க, கை சின்னது என்று சொன்ன பொய்க்கு மேல், ஒரு கைப்பிடி மண்ணையும் அள்ளிப் போடுகிறானே என்றிருந்தது.

கட்டைக் கழற்றி வெளியே கொண்டுவந்து கோணியின் மேல் நீட்டினார்கள். எலி கடித்ததும் எண்ணெய் குடித்ததுமாக எல்லா ஒயரும் ஒரே மண் கலரில் இருந்தன. ஆனால் இஞ்சினுக்கும் உள் பக்கத்துக்கும் நடுவே தகட்டில் ஓட்டை போட்டு ஒயரை நுழைத்த இடத்தில் ரப்பர் வளையம் இருக்கும். அதற்குள் வெயிலும் தூசியும் போவதில்லை. ஷர்புன்னிசா பிளேடால் ரப்பரைக் கீறிப் பிரித்தாள். உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு ஒயர்கள் புதிது போல இருந்தன. அவன் பல்பை ஒயரில் தொட்டு எந்த ஒயர் எதற்குப் போகிறது என்று சொல்லச் சொல்ல, அவள் அந்த விரல் நீளத்தைப் பார்த்துக் கலர் சொன்னாள்.

"ஹெட்லைட்டு."

"நீலம்."

"ஹாரன்."

"கத்திரிப்பூக் கலரு. உள்லைட்டுக்குப் போறதும் அதான்."

அவன் பல்பைக் கீழே வைத்தான். "இன்னாது?"

"கத்திரிப்பூங்க."

"அவரு போன்ல ஊதான்னு சொன்னாரு. ஹாரனுக்கும் உள்லைட்டுக்கும் ஊதா, அதான் ஒரிஜினல்னு ரெண்டு வாட்டி சொன்னாரு."

இந்தப் பக்கத்தில் ஊதா என்றால் நீலம். பள்ளிக்கூடத்துப் பாவாடையிலிருந்து பேனா மை வரை நீலமாக இருப்பதெல்லாம் ஊதா. கத்திரிப்பூவின் நிறத்தைக் கத்திரிப்பூக் கலர் என்றுதான் சொல்வார்கள். மதுரைப் பக்கத்தில் கத்திரிப்பூவின் நிறத்துக்குத்தான் ஊதா என்று பெயர் என்பது அன்றைக்கு அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

"அவரு இன்னா சொன்னாரோ எனக்குத் தெரியாதுங்க. கண்ணால பாத்துத்தான சொல்றேன்," என்றாள் ஷர்புன்னிசா.

கண் என்ற வார்த்தையை அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. சாதுல்லாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"காருக்குச் சொந்தக்காரன் ஊதான்றான். நீ கோழிப் பீயில படுத்துக்கினு கத்திரிப்பூன்ற. யாரு சொல்றத நான் கேக்கணும்?"

"சரிங்க," என்றாள்.

மாயவன் வீட்டிலிருந்து சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. சாதுல்லா முதல் வாயிலேயே கல் கடித்தது என்று இலையைத் தள்ளினான். ஷர்புன்னிசா தன் பங்கையும் சாப்பிட்டு, அவன் தள்ளியதையும் சாப்பிட்டாள். கல் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் மழை விடவில்லை. வார்னிஷ் காயாமல் கூடம் முழுக்க நாறியது. ஒவ்வொரு கலராகப் பின்னி முடித்துக்கொண்டே வந்து, ஹாரன் ஒயருக்கு வந்ததும் ஷர்புன்னிசா மெஷினை நிறுத்தினாள். அலமாரியிலிருந்து நீல நூல்கண்டு ஒன்றையும் கத்திரிப்பூக் கலர் கண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு அவன் எதிரில் போய் நின்றாள். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று.

"ஒரு வாட்டி பாத்துச் சொல்லிடுங்க. இதுவா, இதுவா?"

அவன் பலகையிலிருந்து நிமிர்ந்தான். அவள் கையைப் பார்த்தான். ஒன்றைப் பார்த்தான், மற்றொன்றைப் பார்த்தான், மறுபடி முதலாவதைப் பார்த்தான். இரண்டும் அவனுக்கு ஒன்றாகத்தான் தெரியும் என்று தெரிந்துதான் அவள் நின்றாள். இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவள் அவனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. தெரியல, நீயே பாத்துப் போடு என்று சொன்னால் போதும். சும்மா 'நீயே பாரு' என்றால்கூடப் போதும். அவள் பழைய ஒயரைப் பார்த்துச் சரியானதைப் போட்டிருப்பாள்.  கேட்டது கேள்வி இல்லை என்பது அவனுக்கும் புரிந்திருந்தது.

"இது," என்று ஒன்றைத் தொட்டான்.

நீலத்தைத் தொட்டிருந்தான்.

"சரிங்க."

அவள் நீலத்தை மாட்டினாள். மெஷின் சுற்றத் தொடங்கியது. நான் பொய் சொல்லவில்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கேட்டேன், காட்டினான். அவன் சொன்னபடிதான் செய்கிறேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நூல் சுற்றச் சுற்ற அடிவயிற்றில் இனிப்பாக ஏதோ ஊறியது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. நிறுத்தவும் மனம் வரவில்லை. மலையில் மல்லாந்து கிடந்தபோது காதில் விழுந்ததெல்லாம் இந்த நீலத்தில் போய்ச் சேர்வதுபோல் இருந்தது.

மார்கழியில் ஒரு மத்தியானம், அவள் அடுப்பங்கரையில் கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்துச் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. கவுஸின் குரல் கேட்டது. கூடவே கேட்டுப் பழகாத ஒரு கனத்த குரல். சாதுல்லா பதறி எழுந்திருக்கிற சத்தம். ஷர்புன்னிசா கையைக் கழுவி, முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

கண்ணாயிரம் உட்காரவில்லை. கருகிப்போன ஒயர்க் கட்டு ஒன்றை ஆணிப்பலகையின் மேல் தொப்பென்று போட்டார். கூடத்தில் எரிந்த நாற்றம் பரவியது.

"மோந்து பாருங்க பாய். எங்காரு இப்ப இப்படித்தான் மணக்குது."

"இன்னாங்க ஆச்சி?"

"என்ன ஆச்சா? மெக்கானிக் கலரைப் பாத்து மாட்டுறான். ஒரே எடத்துல ரெண்டு நீலம் வந்து நிக்குது. எது ஹாரன், எது ஹெட்லைட்டுன்னு அவன் என்ன ஜோசியமா பாப்பான்? மாத்திப் பூட்டிட்டான். டேஷ்போர்டு பூராம் கரிக்கட்டை. ஒரிஜினல் டேஷ்போர்டு பாய். லண்டன்ல தேடுனாலும் கெடைக்காது."

"நீங்க சொன்ன மாதிரிதாங்க கட்டனேன்."

"நான் என்ன சொன்னேன்? ஹாரனுக்கு ஊதான்னு சொன்னேனா இல்லையா?"

"ஊதாதானங்க போட்டிருக்குது."

"இது ஊதாவா? இது நீலம்யா."

"ரெண்டும் ஒண்ணுதானங்க," என்றான் கவுஸ்.

கண்ணாயிரம் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னைக் கேலி செய்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நீலம் எப்படிய்யா ஊதா ஆகும்? கத்திரிக்காச் செடியில பூப் பூக்குதுல்ல, அது என்ன கலரு? அதுதான்யா ஊதா."

"அதுக்கு எங்கூர்ல கத்திரிப்பூக் கலருன்னு பேருங்க."

"உங்கூர்ல என்ன பேரோ வச்சுக்கங்க. அதுக்கு நான் காரைக் கொளுத்தணுமா? சரி, எம்பேச்சு வெளங்கல. பழைய கட்டு உங்க கையிலதான இருந்துச்சு? அதைக் கண்ணால பாத்துக் கட்ட வேண்டியதுதான? ரப்பருக்குள்ள பளிச்சுன்னு இருக்கே அந்தக் கலரு. நேத்து நானே எடுத்துப் பாத்தேன். குருடன்கூட..."

அவர் முடிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஷர்புன்னிசா ஒரு எட்டு முன்னால் வந்தாள். தனக்குக் கலர் தெரியாது என்று சாதுல்லா இப்போது சொல்லிவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது.

"கலரு பாக்கறதெல்லாம் அவதாங்க," என்றான் சாதுல்லா. "வூட்டுல. அவளுக்குக் கண்ணு சரியில்ல."

அண்ணியைப் பாபி என்று கூப்பிடுகிற கவுஸ் திரும்பினான். "பாபிக்கா? எப்பத்துலேர்ந்துண்ணா?"

"கொஞ்ச நாளாவே. சொன்னா கேக்கறதில்ல. நான் பாக்கறேன் நான் பாக்கறேன்னு முன்னால வந்து நிக்கறது."

"நெசமா பாபி?" என்று கவுஸ் கதவைப் பார்த்துக் கேட்டான்.

அவள் நிலைப்படி வரைக்கும் வந்தாள். சாதுல்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுமே தெரியாத ஆள் போல உட்கார்ந்திருந்தான். அவன் உச்சந்தலை அவளுக்குத் தெரிந்தது.

"உங்க அண்ணன் சொன்னா நெசந்தான்," என்றாள்.

கவுஸ் நல்லவன். அதுதான் அன்றைக்கு வினையாக வந்தது. "அப்பறம் எதுக்கு நீங்க கஷ்டப்படணும் பாபி. நீங்க வுடுங்க. அண்ணா, பலகையையும் மெஷினையும் இன்னிக்கே கடைக்குத் தூக்கிக்கினு போயிடலாம். ஆளு ரெண்டு பேரு இருக்கறாங்க, பின்னக் கத்துக்குவாங்க. நீ பக்கத்துல நின்னு கலரு பாத்து எடுத்துக் குடு. எல்லார் எதுருலயும் நடந்தா தப்பு வராது."

சாதுல்லாவின் முகம் வெளுத்ததை ஷர்புன்னிசா பார்த்தாள். கடையில், எல்லார் எதிரிலும், அவன் கலர் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் தாங்காது. அவளுக்கும் கூடத்தின் அந்தப் பக்கம் இனி கிடையாது. சமையல், கருவாடு, சாயங்காலம், அவன் முகம். அவ்வளவுதான். ஒரே வார்த்தையில் சாதுல்லா தன் கழுத்திலும் அவள் கழுத்திலும் கயிற்றைப் போட்டிருந்தான்.

"ஒரு நிமிசம் இருடா," என்று சொல்லிவிட்டு அவன் அடுப்பங்கரைக்குள் வந்தான். அவள் மறுபடி கருவாட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"போயிச் சொல்லு," என்றான் தாழ்ந்த குரலில்.

"இன்னான்னு?"

"வேலை வூட்டுலயே நடக்கட்டும்னு சொல்லு. கண்ணு நல்லாத்தான் இருக்குது, அன்னிக்கு ஏதோ தெரியாம நடந்துபோச்சின்னு சொல்லு."

"கண்ணு போச்சின்னது யாரு? நானா சொன்னேன்?"

"ஏய். நேரம் தெரியாம பேசாத."

"நேரம் தெரிஞ்சுதான் பேசறேன். போச்சின்ன வாயாலயே திரும்ப வாங்கிக் குடுங்க என் கண்ண."

"கால்ல வுழணுமா உனக்கு?"

"கால்ல எவ வுழச் சொன்னா." அவள் கருவாட்டைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவனோடு பேசும்போது ஒட்டியிருந்த மரியாதை, அவளுக்கே தெரியாமல் கழன்று விழுந்தது. "ஒரு வார்த்த சொல்லு. அவங்ககிட்ட வேணாம். இங்க, எங்கிட்ட சொல்லு. எனக்குக் கலரு தெரியாது ஷர்புன்னு சொல்லு. வெளிய போயி நான் பாத்துக்கறேன். நாந்தான் அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன்னு பழிய நானே தலையில போட்டுக்கறேன். உன் கண்ணப் பத்தி ஒரு வார்த்த வராது எங்கிட்டேர்ந்து. இத்தினி வருசமா வந்துதா? சொல்லு."

அவன் அவளைப் பார்த்தான். வெளியே கண்ணாயிரம் கவுஸிடம் ஏதோ சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

"உங்கிட்டயா," என்றான்.

"எங்கிட்டதான்."

"நீ சிரிப்ப."

"சிரிக்கமாட்டேன்."

"சிரிச்ச," என்றான் சாதுல்லா.

அந்தப் பச்சைப் புடவையைத்தான் சொல்கிறான். அப்போது எனக்குத் தெரியாது, பத்தொன்பது வயது, விளையாட்டு என்று நினைத்தேன் என்றெல்லாம் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் திரும்பிப் போய்விட்டான். சொல்லவேண்டியதைத் தீர்மானித்துவிட்டவனுடைய நடையாக இருந்தது அது.

"கவுஸு," என்றான் கூடத்தில் நின்று. "எனக்குக் கலரு தெரியாதுடா."

"இன்னாண்ணா?"

"தெரியாது. பொறந்ததுலேர்ந்தே தெரியாது. செவப்பு, பச்ச, ஊதா, ஒண்ணும் தெரியாது. இத்தினி நாளும் அவ எடுத்துக் குடுத்துதான் கட்டிக்கினு இருந்தேன். அவளுக்கு அது தெரியும். தெரிஞ்சே ரெண்டு கண்டயும் எம்மூஞ்சிக்கு நேரா காட்டி இதுவா அதுவான்னு கேட்டா. அவ கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல. தப்புன்னு தெரிஞ்சே மாட்டியிருக்கறா. கேளு."

 கவுஸ் ஆணிப்பலகையைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், கடைசியில் நிலைப்படிக்கு வந்து நின்றவளைப் பார்த்தான். அவன் முகத்தில் இப்போது அந்தப் பழைய இரக்கம் இல்லை.

"தெரிஞ்சேவா போட்டீங்க பாபி?"

இல்லை என்று சொல்ல வழி இருந்தது. அவன்தானே தொட்டுக் காட்டினான். மதுரைக்காரர் ஊதா என்றுதானே சொன்னார். எல்லாம் உண்மைதான். ஆனால் நூல் சுற்றச் சுற்ற வயிற்றில் ஊறிய இனிப்பும் உண்மை. அவன் எப்படியோ அதைக் கண்டுபிடித்திருந்தான். கலர் தெரியாதவனுக்கு அது தெரிந்திருந்தது.

"தெரிஞ்சேதான்," என்றாள்.

கண்ணாயிரம் தலையில் அடித்துக்கொண்டார். "புருஷன் பொண்டாட்டி சண்டை போட ஊர்ல வேற எடமே கெடைக்கலையா? எங்காருதானா கெடைச்சுது?"

 அவர் கருகின கட்டைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தார். துணி பின்னின ஒயர் செய்கிறவன் வேறு எவனும் கிடையாது, அதனால்தான் இன்னும் இங்கே நின்றுகொண்டிருக்கிறேன், இல்லையென்றால் நடக்கிறதே வேறு என்றார். மாசிக்குள் இன்னொரு கட்டு வேண்டும், யார் கண்ணால் பார்ப்பீர்களோ யார் கையால் பின்னுவீர்களோ எனக்குக் கவலை இல்லை என்றார். போகும்போது வாசலில் நின்று, "ஊதா," என்று விரலை நீட்டிச் சொன்னார். "கத்திரிப்பூ."

கார் போன பிறகு கவுஸ் வெகு நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பலகையைத் தூக்குகிற பேச்சு போய்விட்டது. கடையில் யாருக்கும் அந்த மெஷின் சீக்கிரம் படியாது என்பதும், அண்ணனை நம்பிக் கலர் எடுக்க முடியாது என்பதும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"இங்கயே கட்டுங்க," என்றான். "ஆனா அண்ணா, பாபி குடுக்கறத நீ எப்புடி நம்புவ? மறுபடியும் மாத்திக் குடுத்தா உனக்கு எப்புடித் தெரியும்?"

"அத நான் பாத்துக்கறேன்," என்றான் சாதுல்லா.

அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பை அவன் தொடவில்லை. அவளும் தொடவில்லை. ஆனால் படுக்கும்போது அவளுக்குள் ஒரு நிம்மதி வரத்தான் செய்தது. அவனுடைய அவமானமும் அவளுடைய குற்றமும் இனி திறந்து கிடக்கின்றன. பலகை அதே இடத்தில் இருக்கிறது, தானும் எதிரில் உட்காரப்போகிறோம். கலரை இனி அவன் மறைக்கவேண்டியதில்லை. ஒரு ஒயரைக் கையில் எடுத்து, இது இன்னா கலரு என்று அவளைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். கோபமாகவே கேட்கட்டும். அவள் சொல்வாள்.

தை மாதத்தில் ஒரு நாள், கூலிக்காரர்கள் கரும்பு வெட்டப் போகிற காலை நேரம். சந்தில் ஆள் நடமாட்டம் இருந்தது. அவள் பின்னிக் காயவைத்த ஒயர்களைக் கலர்வாரியாகப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சாதுல்லா எதிரில் உட்கார்ந்து மெழுகு நூலை வெட்டி வைத்துக்கொண்டான்.

"காப்பிக் கலரு," என்றான்.

கொடுத்தாள். அவன் அதை ஆணியில் மாட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனான். அவளுக்கு முதலில் புரியவில்லை.

"குஞ்சம்மா, கொஞ்சம் நில்லு. இத்தப் பாரு, இது இன்னா கலரு?"

கரும்பு வெட்டுக்குப் போகிற குஞ்சம்மாள் தூக்குவாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். "இன்னா பாய், காலையிலயே வெடுகத போடற?"

"விடுகதையெல்லாம் இல்ல. எனக்குக் கலரு தெரியாது. நீ பாத்துச் சொல்லு."

"தெரியாதுன்னா, இன்னா பாய், கண்ணு மங்கிப்போச்சா?"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. கலரு மட்டும் தெரியாது. பொறவியிலயே அப்புடி. செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான்."

"அய்ய, அப்ப என் பொடவ இன்னா கலருன்னு சொல்லு பாக்கலாம்."

"தெரியாதும்மா. நீ கட்டிக்கினு இருக்கறது மட்டும் தெரியுது."

குஞ்சம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பின்னால் வந்த இரண்டு பெண்களும் விஷயம் கேட்டுச் சிரித்தார்கள். சாதுல்லாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். ஷர்புன்னிசா கூடத்துக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான். கரும்பு வெட்டப் போகிறவளிடம், பெயர் தெரியாத பெண்களிடம், நாளைக்கு இந்தச் சந்தில் யார் வருவார்களோ அவர்களிடமெல்லாம் சொல்லுவான், தன்னிடம் மட்டும் சொல்லமாட்டான்.

"காப்பித்தூள் கலரு பாய்," என்ற குரல் கேட்டது.

அவன் உள்ளே வந்தான். முகத்தில் இருந்த சிரிப்பை நிலைப்படியிலேயே விட்டுவிட்டு வந்து, ஒயரை ஆணியில் மாட்டி இழுத்தான். அவளைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"வெள்ளை."

கொடுத்தாள். வெள்ளை ஒரு நாளும் அவனுக்குத் தெரியாத கலர் இல்லை. வெள்ளையும் கறுப்பும் அவன் கண்ணில் எல்லாருக்கும்போல நன்றாகவே தெரியும். அதை வாங்கிக்கொண்டு அவன் எழுந்தான். மறுபடியும் வாசலுக்குப் போனான்.